நீதியரசர் சையித் மஹ்மூத்: தனித்து நின்ற தீர்ப்புகள்

1834ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறையில் வந்திறங்கிய தாமஸ் பேபிங்டன் மெக்காலே, பல்லக்கில் ஏறி பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வழியாக நீலகிரி மலைமீது வந்து சேர்ந்தார். தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் அப்போது உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின்படி இந்தியாவுக்கு நியமிக்கப்பட்ட முதல் சட்ட உறுப்பினர் மெக்காலே. அந்த ஆண்டின் மழைக்காலத்தை அவர் மலையிலேயே கழித்துவிட்டுப் பின்னர் கல்கத்தா சென்றார். இந்தியத் தண்டனைச் சட்டம் ஊட்டியில்தான் எழுதப்பட்டது என்று இன்றும் மலையில் சொல்லுவோர் உண்டு. அது சரியன்று. அச்சட்டத்தின் வரைவு 1837இல்தான் நிறைவுற்றது, 1860இல்தான் சட்டமாயிற்று, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண மெக்காலே உயிரோடு இல்லை.

எனினும் இந்திய முஸ்லிம்களின் வாழ்வைப் பெரிதும் மாற்றிய இரண்டு செயல்களைச் செய்யவிருந்த மனிதர், அவற்றிற்கு முந்தைய சில மாதங்களை நம் மலையில் கழித்தார் என்பது உண்மை. ஒன்று, 1835 பிப்ரவரியில் அவர் அளித்த கல்விக் குறிப்பு. மற்றொன்று தண்டனைச் சட்டம். முன்னது அரபு, பார்ஸி, சமஸ்கிருதக் கல்விக்கு அரசு அளித்துவந்த ஆதரவை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பியது. பின்னது அதுவரை வங்காளத்திலும் சென்னையிலும் குற்ற வழக்குகளுக்கு அடிப்படையாக இருந்த இஸ்லாமியக் குற்றவியலின் இடத்தைப் பிடித்தது.

இவ்விரண்டு மாற்றங்களும் நடந்து முடிந்த பின்னர், ஒரு முஸ்லிம் அவ்விரண்டையும் தமது அறிவால் எடைபோட்டார். ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை அவரே நூலாக எழுதினார். மெக்காலேயின் தண்டனைச் சட்டத்தை நீதிபதி இருக்கையில் அமர்ந்து, ஷரீஅத்தின் ஒளியில் வாசித்துப் பொருள் சொன்னார். அவரே அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் நீதிபதி சையித் மஹ்மூத். ஸர் சையித் அஹ்மத் கானின் மகன் என்ற அளவிலேயே தமிழ்நாட்டு வாசகர் அவரை அறிவர். அவரது தீர்ப்புகள் தனியே படிக்கத் தக்கவை.

பிறப்பும் கல்வியும்

சையித் மஹ்மூத் 1850 மே 24ஆம் நாள் தில்லியில் பிறந்தார். ஏழு வயதில் 1857இன் கொந்தளிப்பையும், அதன் பின் தில்லி முஸ்லிம் குடும்பங்கள் அடைந்த அழிவையும் கண்டவர். தந்தையார் நீதித்துறைப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகிச் சென்றதால் மகனின் படிப்பும் பல ஊர்களில் நடந்தது. வீட்டில் அரபும் பார்ஸியும், வெளியே ஆங்கிலமும் என்ற இரட்டைக் கல்வி அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் அவரது தீர்ப்புகளைத் தாங்கி நின்ற தூண் இதுவே.

1869இல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். மகனுடன் தந்தையும் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் பயின்றபடியே லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படித்த மஹ்மூத், 1872இல் பாரிஸ்டரானார். அவ்வாண்டே தாயகம் திரும்பி அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அலிகரில் எழுப்ப எண்ணிய கல்லூரிக்கு கேம்பிரிட்ஜை முன்மாதிரியாகக் கொண்ட ஒரு திட்டத்தை 1873இல் வரைந்து தந்தவரும் அவரே. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. 1875இல் பள்ளியாகத் தொடங்கி, 1877இல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1920இல் பல்கலைக்கழகமாக வளர்ந்த அலிகர் நிறுவனத்தில் அந்த இளைஞரின் பங்கு பெரிது.

1879இல் அவத் பகுதியில் மாவட்ட நீதிபதியானார். 1881இல் ஸாலார் ஜங்கின் நிர்வாகத்துக்கு உதவ ஹைதராபாத் சென்று நீதித்துறைச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டார். ஹண்டர் தலைமையிலான கல்விக் குழுவில் உறுப்பினராகவும் பணியாற்றினார். 1882இல், முப்பத்திரண்டாம் வயதில், அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாக அமர்ந்தார். 1887இல் பதவி நிலையானது. கல்கத்தாவில் சம்புநாத் பண்டிதரும் சென்னையில் முத்துசாமி ஐயரும் அவருக்கு முன்னரே உயர்நீதிமன்ற நீதிபதிகளாகியிருந்தனர். இந்திய முஸ்லிம்களில் அந்த இருக்கையை முதலில் அடைந்தவர் மஹ்மூத். கல்கத்தாவில் அமீர் அலி 1890இலும், பம்பாயில் பத்ருத்தீன் தையப்ஜி 1895இலும் அவரைத் தொடர்ந்தனர்.

அன்றைய நீதிமன்றமும் ஷரீஅத்தும்

அவர் பதவியேற்ற காலத்தின் நிலையைச் சிறிது விளக்குவது நன்று. கம்பெனி நீதிமன்றங்களில் காஜிகளும் முஃப்திகளும் சட்ட அலுவலர்களாக அமர்ந்து ஆங்கிலேய நீதிபதிக்கு ஷரீஅத்தை எடுத்துரைத்து வந்தனர். 1864இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. திருமணம் நடத்தி வைக்கவும் பதிவேடு காக்கவும் காஜி இல்லாமல் மக்கள் பட்ட இடரை நீக்க 1880இல் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது. அது முதற்கண் நமது சென்னை மாகாணத்துக்கென்றே இயற்றப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி. ஆனால் அச்சட்டம் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரத்தைத் திருப்பித் தரவில்லை.

இதன்பின் நீதிபதி எதைக் கொண்டு தீர்ப்பளித்தார்? பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளைக் கொண்டு. ஹனஃபி மத்ஹபின் பெருநூலான 'ஹிதாயா'வை சார்லஸ் ஹாமில்டன் 1791இல் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். அது அரபு மூலத்திலிருந்து செய்யப்பட்டதன்று. அதன் பார்ஸி வடிவத்திலிருந்து செய்யப்பட்டது. மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ஒரு முஸ்லிம் பெண்ணின் மஹரும், ஓர் அநாதையின் வாரிசுப் பங்கும் இத்தகைய நூலின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்யப்பட்டன.

மஹ்மூத் இங்கேதான் வேறுபட்டார். அவர் மூல நூல்களைத் திறந்தார். ஹாமில்டன் தவறிய இடங்களைச் சுட்டிக்காட்டினார். இமாம்கள் கருத்து வேறுபடும் இடங்களில் எவருடைய கருத்தை ஏற்பது, ஏன் ஏற்பது என்பதை ஃபிக்ஹின் விதிகளைக் கொண்டே விளக்கினார். இதற்கு அவர் முன்வைத்த சட்ட அடிப்படை எளியது. ஷரீஅத் இந்நாட்டு நீதிமன்றங்களுக்கு அயல்நாட்டுச் சட்டமன்று. அயல்நாட்டுச் சட்டமாயின் வல்லுநரைக் கூண்டிலேற்றி, சாட்சியம் வாங்கி மெய்ப்பிக்க வேண்டும். நாட்டின் சட்டமாயின் நீதிபதியே அதை அறிந்திருக்க வேண்டும். திருமணம், வாரிசுரிமை, சமய நடைமுறை ஆகியவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தைப் பயன்படுத்துமாறு வங்காளத்தின் 1871ஆம் ஆண்டு உரிமையியல் நீதிமன்றச் சட்டமும், சென்னையின் 1873ஆம் ஆண்டுச் சட்டமும் ஆணையிட்டிருந்தன. ஆகவே அதை அறியாமலிருக்க நீதிபதிக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம்.

ஆமீன் வழக்கு

இந்த வாதம் மிகத் தெளிவாக வெளிப்பட்ட வழக்கு 1885ஆம் ஆண்டின் 'பேரரசி எதிர் ரம்ஜான்'. ஹனஃபிகள் தொழும் பள்ளிவாசலில், ஹதீஸை நேரடியாகப் பின்பற்றுவோர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட சிலர், ஃபாத்திஹா அத்தியாயம் முடிந்ததும் ஆமீனை உரக்கச் சொன்னார்கள். ஜமாஅத்தில் சலசலப்பு எழுந்தது. தண்டனைச் சட்டத்தின் 296ஆம் பிரிவின்கீழ், அதாவது சமயக் கூட்டத்துக்கு இடையூறு விளைவித்த குற்றத்துக்காக, கீழ் நீதிமன்றம் அவர்களுக்குத் தண்டனை விதித்தது.

ஆமீனை மெல்லச் சொல்வது ஹனஃபிகளின் முறை. ஷாஃபிஈகளும் ஹன்பலிகளும் உரக்கச் சொல்வர். இவையனைத்தும் சுன்னத் ஜமாஅத்தின் ஏற்கப்பட்ட வழிகள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வழக்கு உயர்நீதிமன்றத்தின் முழு ஆயத்துக்கு வந்தபோது, பெரும்பான்மை நீதிபதிகள் தொழுகை உண்மையில் குலைந்ததா, குலைக்கும் எண்ணம் இருந்ததா என்னும் நிகழ்வு சார்ந்த கேள்விகளையே முதன்மையாகக் கொண்டனர். மஹ்மூத் ஒருபடி பின்னால் சென்று கேட்டார். பள்ளிவாசல் யாருடையது? அதில் தொழுவதற்கு ஒரு முஸ்லிமுக்கு உள்ள உரிமை என்ன? அந்த உரிமையை அவர் தம் மத்ஹபின் முறைப்படி செலுத்தும்போது அது எங்ஙனம் குற்றமாகும்?

பள்ளிவாசல் அல்லாஹ்வுக்காக வக்ஃபு செய்யப்பட்ட இடம். மனித உடைமையிலிருந்து நீங்கியது. ஆகவே எந்தப் பிரிவாரும் அதைத் தமது என்று வேலியிட முடியாது என்பது அவர் கண்ட விடை. ஹதீஸ் நூல்களையும் நான்கு இமாம்களின் கருத்துகளையும் எடுத்துக்காட்டி, ஆமீனை உரக்கச் சொல்வது மார்க்கத்தின் எல்லைக்கு உட்பட்டதே என நிறுவினார். அன்று அவர் தனியே நின்றார். ஆனால் நான்காண்டுகளில் நிலை மாறியது. 1889இல் அத்தாவுல்லாஹ் எதிர் அஸீமுல்லாஹ் வழக்கில் அதே உயர்நீதிமன்றம், பள்ளிவாசல் எந்த ஒரு பிரிவாருக்கும் தனியுரிமையாகாது என்றும், பிறர் தொழுகையைக் கெடுக்கும் தீய எண்ணமின்றி ஆமீனை உரக்கச் சொல்பவரைத் தடுக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது. மாறுபட்ட கருத்து சட்டமாயிற்று.

நீலகிரி வாசகர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து வணிகத்துக்காக மலையேறிய ராவுத்தர்கள் ஹனஃபிகள். மலபாரிலிருந்து வந்த மாப்பிள்ளைமார் ஷாஃபிஈகள். மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த தக்கினி உருது பேசுவோர் மீண்டும் ஹனஃபிகள். மலபார் மாவட்டத்தோடு இருந்த கூடலூர்ப் பகுதி 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டபோது இக்கலப்பு இன்னும் கூடியது. தேயிலைத் தோட்டத்தை அடுத்த ஒரு சிறு பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பவர்களில் ஒருவர் ஆமீனை உரக்கச் சொல்கிறார்; அடுத்தவர் உதடு மட்டும் அசைக்கிறார். ஒருவர் நெஞ்சருகே கை கட்டுகிறார். மற்றவர் தொப்புளுக்குக் கீழே கட்டுகிறார். இதை யாரும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவதில்லை. இந்த இயல்பான ஒற்றுமை ஒருகால் நீதிமன்றத்தில் வாதாடிப் பெறவேண்டிய உரிமையாக இருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மஹரும் முன்கொள்ளுரிமையும்

1886இல் அவர் எழுதிய 'அப்துல் காதிர் எதிர் ஸலீமா' தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. மனைவியைத் தம்மோடு வாழ அனுப்புமாறு கணவர் வழக்குத் தொடுத்தார். உடனே தரவேண்டிய மஹர் தரப்படவில்லை என்பது மனைவியின் எதிர்வாதம். இருவரும் ஏற்கெனவே கூடி வாழ்ந்திருந்தனர். அதன் பின்னும் மஹரைக் காட்டி மனைவி மறுக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. முடியாது என்பது அவர்தம் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்து. மஹ்மூத் மாணவர் இருவரின் கருத்தை ஏற்றார். ஆயினும் மஹரைச் செலுத்துவதை நிபந்தனையாக்கியே கணவருக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது. மனைவியின் உரிமை முற்றிலும் கைவிடப்படவில்லை.

இத்தீர்ப்பில் குறையும் உண்டு. முஸ்லிம் திருமணம் ஓர் ஒப்பந்தம் என்பதை ஆங்கிலேய நீதிபதிகளுக்கு விளக்க, மஹரை விற்பனை ஒப்பந்தத்தின் விலையோடு ஒப்பிட்டார். உவமையாகச் சொன்னதைப் பின்வந்தோர் இலக்கணமாக எடுத்துக்கொண்டனர். மஹர் பெண்ணின் விலை என்னும் பிழையான எண்ணம் சட்ட நூல்களில் இடம்பெற இதுவும் ஒரு காரணமாயிற்று. திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தில் மஹரைக் குறிக்க ஆளும் சொல், மனமுவந்து அளிக்கும் கொடையையே சுட்டும். அறிஞரின் உவமையும் அளவு கடந்து பயன்பட்டால் பொருளைத் திரிக்கும் என்பதற்கு இது சான்று.

1885இன் 'கோவிந்த தயாள் எதிர் இனாயத்துல்லாஹ்' வழக்கு ஷுஃப்ஆ எனப்படும் முன்கொள்ளுரிமை பற்றியது. அண்டை நிலத்துக்காரர் தம் நிலத்தை விற்கும்போது, வெளியார் வாங்குவதற்கு முன் அதைத் தாம் வாங்கும் உரிமை அது. விற்பவர் முஸ்லிம், வாங்குபவர் இந்து என்றால் இவ்வுரிமை செல்லுமா? செல்லும் என்றார் மஹ்மூத். இது வாங்குபவரின் மதத்தைச் சார்ந்த உரிமையன்று, நிலத்தோடு ஒட்டிய உரிமை என்பது அவர் தந்த விளக்கம். முன்கொள்ளுரிமைக்கு அவர் வகுத்த இலக்கணத்தை விடுதலைக்குப் பின் 1950களில் இந்திய உச்ச நீதிமன்றமும் எடுத்தாண்டது. நம் பகுதியில் நிலை வேறு. சென்னை மாகாணத்தில் ஷுஃப்ஆ செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1870இலேயே கூறிவிட்டது. ஒரே ஷரீஅத், ஒரே ஆட்சி, இரு மாகாணங்களில் இரு முடிவுகள்.

கைதியின் குரல்

முஸ்லிம் சட்டத்தில் மட்டும் அவர் சிறந்தார் என எண்ணலாகாது. 1891இன் 'பேரரசி எதிர் போப்பி' வழக்கில், சிறையிலிருந்தபடி மேல்முறையீடு செய்யும் ஏழைக் கைதியின் உரிமை கேள்விக்கு வந்தது. அவரால் வழக்கறிஞரை அமர்த்த முடியாது. காவலை மீறி நேரில் வரவும் முடியாது. அவருடைய மனுவைப் படித்துப் பார்த்துத் தள்ளிவிட்டால் போதுமா? உடன் அமர்ந்தோர் கருத்துக்கு மாறாக மஹ்மூத், எவரையும் கேளாமல் தண்டிக்கலாகாது என்பது நீதியின் முதல் விதி. கேட்கப்படும் வாய்ப்பு பெயரளவில் இருந்தால் போதாது என எழுதினார். அக்காலத்தில் அது தனிக்குரல். இன்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை நாடும் உரிமையைத் தருகிறது. 1976இல் சேர்க்கப்பட்ட 39அ உறுப்பு, வறியோருக்கு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்குகிறது.

இதே காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜான் மார்ஷல் ஹார்லன் என்ற நீதிபதி இருந்தார். 1877 முதல் 1911 வரை பணியாற்றியவர். அடிமைகளை வைத்திருந்த கென்டக்கிக் குடும்பத்தில் பிறந்தவர். கருப்பரையும் வெள்ளையரையும் ரயிலில் தனித்தனியே அமர்த்துவது செல்லும் என்று 1896இல் அந்த நீதிமன்றம் முடிவு செய்தபோது, ஹார்லன் ஒருவரே மறுத்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மஹ்மூதும் ஹார்லனும் ஒருவரையொருவர் அறிந்ததாகத் தெரியவில்லை. எனினும் மாறுபட்ட தீர்ப்பு வருங்காலத்துக்கு எழுதப்படும் மேல்முறையீடு என்பதை இருவர் வாழ்வும் காட்டுகின்றன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஹார்லன் இறக்கும் வரை பதவியில் இருந்தார். மஹ்மூதுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

பதவி விலகலும் இறுதிக் காலமும்

1886இல் தலைமை நீதிபதியாக வந்த ஜான் எட்ஜுக்கும் மஹ்மூதுக்கும் உறவு கசந்தது. தீர்ப்புகளை எழுதித்தரத் தாமதிக்கிறார் என்பது ஒரு குற்றச்சாட்டு. மதுப்பழக்கம் மற்றொன்று. இவற்றை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. நீண்ட தீர்ப்புகளை மூல நூல்களைப் புரட்டி எழுதியவருக்குக் காலம் பிடித்தது என்பதும், ஆங்கிலேயர் நிறைந்த ஆயத்தில் அடிக்கடி மாறுபட்ட ஓர் இந்தியரைப் பொறுத்துக்கொள்ள எல்லோருக்கும் மனமில்லை என்பதும் உண்மையே. மதுப்பழக்கம் அவர் உடலையும் பணியையும் கெடுத்தது என்பதும் உண்மையே. 1893இல் பதவி விலகினார். அப்போது வயது நாற்பத்து மூன்று.

அதன் பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. 1781 முதல் 1893 வரையிலான இந்திய ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதி 1895இல் வெளியிட்டார். 1898இல் தந்தையார் மறைந்த பின் அலிகர் கல்லூரியின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. உடல்நிலை இடந்தராததால் அது நீடிக்கவில்லை. மறு ஆண்டே பொறுப்பு முஹ்ஸினுல் முல்க்கிடம் சென்றது. 1903 மே 8ஆம் நாள் சீதாப்பூரில் மஹ்மூத் காலமானார். அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலின் வளாகத்தில் தந்தையின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மகன் ராஸ் மஸ்ஊத் பின்னாளில் அலிகர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

இன்றைய பயன்

2024 ஜூலை முதல் நாளிலிருந்து இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. பழைய 296ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 300ஆம் பிரிவாக நிற்கிறது. எண் மாறியது, சமயக் கூட்டத்துக்கு இடையூறு என்ற குற்றம் மாறவில்லை. ஆகவே ரம்ஜான் வழக்கில் மஹ்மூத் எழுப்பிய கேள்வியும் அப்படியே இருக்கிறது. வழிபாட்டில் ஒருவர் தம் உரிமையைச் செலுத்துவதற்கும் பிறர் வழிபாட்டைக் குலைப்பதற்கும் இடையிலான எல்லை எது? அதைச் சட்டப் புத்தகம் மட்டும் சொல்லாது. அந்த வழிபாட்டின் மூல நூல்களையும் அறிந்தவரே சொல்ல முடியும்.

நம் சமுதாயத்தில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்று ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். மதரஸாக்களில் ஃபிக்ஹு ஓதி ஆலிம் பட்டம் பெறுவோரும் பலர். இருசாராரும் ஒருவர் நூலை மற்றவர் திறப்பது அரிதாக உள்ளது. மஹர், தலாக், வக்ஃபு தொடர்பான வழக்குகள் நீதிமன்றம் ஏறும்போதெல்லாம் இதன் விளைவை நாம் காண்கிறோம்: வழக்கறிஞரிடம் மூலநூல் இல்லை, ஆலிமிடம் சட்டத்தின் மொழி இல்லை. மஹ்மூதிடம் இரண்டும் இருந்தன. அவர் விட்டுச்சென்ற தீர்ப்புகளை ஒரு மதரஸா ஆசிரியரும் ஓர் இளம் வழக்கறிஞரும் சேர்ந்தமர்ந்து தமிழில் பெயர்த்து, குறிப்புரை எழுதி வெளியிடுவார்களாயின், அவருக்குச் செய்யும் சிறப்பு அதுவாகவே இருக்கும். தொடங்குவதற்கு ஆமீன் வழக்கு ஏற்றது.